நெகிழ்வு உற்பத்தி அமைப்புக்குப் பொருள் வழங்கல்: ஏஜிவி வாங்குவதற்கு முன் எதை அளக்க வேண்டும்?

அம்பத்தூர்_பொறியாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள நடுத்தர அளவு இயந்திரக் கூடம் ஒன்றில் உற்பத்திப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் நான்கு கிடைமட்ட மெஷினிங் சென்டர்களும் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரங்கள்) அவற்றை இணைக்கும் 24 பேலட் (பாகங்களைச் சுமந்து இயந்திரத்துக்குள் போகும் மேடை) கொண்ட நேர்வரிசை அமைப்பும் இருக்கின்றன. பேலட்டுகளை எடுத்துச் செல்ல ஒரு ஸ்டாக்கர் கிரேனும், வார்ப்புகளை ஃபிக்ஸ்சரில் (பேலட்டின் மேல் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) ஏற்றி இறக்க இரண்டு நிலையங்களும் உண்டு. பம்ப் உறை, கியர் பெட்டி, வால்வு உடல் என 17 வகைப் பாகங்கள் இதே அமைப்பில் கலந்து ஓடுகின்றன. ஒரு பேலட்டில் சராசரியாக நான்கு பாகங்கள் அமரும். ஒரு பேலட்டின் இயந்திர நேரம் சராசரியாக 40 நிமிடம்.

கணக்குப்படி மணிக்கு ஆறு பேலட் வெளிவர வேண்டும். ஆனால் பகல் ஷிஃப்டிலேயே நான்குக்கு மேல் வருவதில்லை. ஸ்பிண்டில்கள் (இயந்திரத்தில் டூலைச் சுழற்றும் அச்சுகள்) பழுதாகி நிற்கவில்லை. பேலட்டுக்காகக் காத்து நிற்கின்றன. ஸ்டோர்ஸிலிருந்து வார்ப்புகள் வரத் தாமதமாவதுதான் காரணம் என்று நிர்வாகம் கருதுகிறது. ஆகவே ஸ்டோர்ஸுக்கும் ஏற்றும் நிலையத்துக்கும் இடையே இரண்டு ஏஜிவி (ஓட்டுநரின்றித் தானே ஓடும் சரக்கு வண்டி) வாங்க விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். அந்த முதலீடு பயன் தருமா என்று என்னிடம் எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்டுள்ளனர். 'தரும்' என்றோ 'தராது' என்றோ சொல்வதற்கு முன் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரகடம்_திட்டமிடல் எழுதியது:

நண்பரே, நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன. முதலில் ஏஜிவியின் வேலை எவ்வளவு என்று பார்ப்போம். அமைப்பு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஆறு பேலட், அதாவது 24 வார்ப்புகள் தேவை. ஒரு டிராலியில் 12 வார்ப்புகள் வைக்கலாம் என்று கொண்டால், மணிக்கு இரண்டு டிராலி உள்ளே வர வேண்டும், முடிந்த பாகங்களோடு இரண்டு டிராலி வெளியே போக வேண்டும். போக, வர, கொக்கி மாட்ட, கழற்ற எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு ஆறு நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் மணிக்கு 24 நிமிட வேலைதான். ஒரே ஒரு ஏஜிவி வாங்கினாலும் அதற்குப் பாதி நேரம் வேலை இராது. அப்படியிருக்க இரண்டு எதற்கு என்பதை விற்பனையாளரிடம் கேளுங்கள். நடையின் வேகம் உங்கள் தடையாக இருக்க வழியில்லை.

அடுத்தது பேலட்டுகள் எங்கே காத்திருக்கின்றன என்ற கேள்வி. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இங்கே அப்படியே பொருந்தும்: அமைப்புக்குள் இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கையை வெளிவரும் வேகத்தால் வகுத்தால், ஒன்று உள்ளே தங்கும் சராசரி நேரம் கிடைக்கும். 24 பேலட், மணிக்கு நான்கு. எனவே ஒவ்வொரு பேலட்டும் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் இயந்திரத்தில் இருப்பது 40 நிமிடம். ஏற்றி இறக்க ஏறத்தாழ 18 நிமிடம் என்று வைத்தாலும் மீதி ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அது எங்கோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஏற்றப்பட்ட நிலையில் இயந்திரத்துக்காகக் காத்திருந்தால் கோளாறு இயந்திரத்தின் பக்கமோ டூல் பக்கமோ இருக்கிறது. வேலை முடிந்து இறக்குவதற்காகவோ, காலியாக வார்ப்புக்காகவோ காத்திருந்தால் கோளாறு ஏற்றும் நிலையத்தில் இருக்கிறது. அமைப்பு முழுவதையும் இயக்கும் கணினியான செல் கன்ட்ரோலரின் பதிவேட்டில் ஒவ்வொரு பேலட்டின் நிலை மாற்றமும் நேரத்தோடு இருக்கும். ஒரு வாரப் பதிவை எடுத்து இந்த மூன்று வகைக் காத்திருப்பையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள்.

என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிலையங்களுக்கும் சேர்த்து மணிக்கு 120 நிமிடம் கிடைக்கிறது. பேலட்டுக்கு 18 நிமிடம் என்றால் ஆறு பேலட்டுக்கு 108 நிமிடம் வேண்டும். அதாவது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே, அதுவும் மூச்சுவிட நேரமின்றி, உங்கள் ஏற்றும் நிலையங்கள் ஈடுகொடுக்கும். ஏற்றுபவர் ஒரு பேலட்டுக்குப் பத்து நிமிடம் வார்ப்பைத் தேடியோ வேலைத்தாளைத் தேடியோ நகர்ந்துவிட்டால் 18 என்பது 28 ஆகிறது. 120ஐ 28ஆல் வகுத்தால் நான்கேகால். நீங்கள் காணும் 'நான்குக்கு மேல் வருவதில்லை' என்பது இதுவாக இருக்கலாம். எனவே பதிவேட்டோடு நிறுத்தாமல், கடிகாரத்தோடு அந்த நிலையத்துக்கு அருகே நின்று ஏற்றுபவரின் கால்கள் எங்கே போகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருமுடிவாக்கம்_டூல்ரூம் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரியானது; ஆனால் அதில் ஒரு திருத்தம் தேவை. 24 பேலட்டும் சுற்றில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. ஃபிக்ஸ்சர்கள் பெரும்பாலும் ஒரு பாகத்துக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியவை. இன்றைய திட்டத்தில் இல்லாத பாகத்தின் ஃபிக்ஸ்சரைச் சுமந்த பேலட் அடுக்கில் இடம் பிடித்திருக்குமே தவிர ஓடாது. இன்றைக்கு உண்மையில் ஓடுபவை 14தான் என்றால், மணிக்கு நான்கு என்ற வேகத்தில் சுற்று நேரம் மூன்றரை மணியாகக் குறைகிறது. அப்போதும் இரண்டரை மணி நேரக் காத்திருப்பு மிஞ்சுகிறது என்பதால் முடிவு மாறாது, அளவுதான் மாறுகிறது. ஆனால் அந்த 14இல் ஒரு பாகத்துக்கு ஒரே ஒரு ஃபிக்ஸ்சர் இருந்து, அதற்குத்தான் அவசரம் என்று வாடிக்கையாளர் நெருக்கினால், எந்த வாகனமும் அதை வேகப்படுத்தாது. அங்கே செலவழிக்க வேண்டியது இரண்டாவது ஃபிக்ஸ்சருக்கு.

இன்னொன்று, 'பொருள் வழங்கல்' என்றாலே எல்லோரும் வார்ப்பை மட்டும் நினைக்கிறார்கள். நெகிழ்வு அமைப்பில் இயந்திரத்துக்கு வந்து சேர வேண்டியவை வார்ப்பு, ஃபிக்ஸ்சர், டூல், நிரல் ஆகிய நான்கும்தான். இவற்றில் எது ஒன்று வராவிட்டாலும் மற்ற மூன்றும் வந்தது வீண். 17 வகைப் பாகங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 25 டூல் என்று வைத்துக்கொண்டால், பொதுவான டூல்களைக் கழித்த பிறகும் வழக்கமான மேகசின் (இயந்திரத்தின் டூல் அடுக்கு) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாங்காது. அதனால் ஏற்றிய பேலட் இயந்திரத்தின் வாசலில் நின்றுகொண்டு, பிரீசெட்டரில் (டூலின் நீளத்தையும் விட்டத்தையும் முன்கூட்டியே அளக்கும் கருவி) அளந்த துளைக்கருவி வருவதற்காகக் காத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாகங்களின் வரிசையைத் தீர்மானிக்கும்போதே, அடுத்து வரும் பாகத்துக்கு மேகசினில் எத்தனை டூல் மாற வேண்டும் என்பதையும் பார்த்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். எங்கள் கூடத்தில், அடுத்த ஷிஃப்டின் திட்டத்தை வைத்து, குறையும் டூல்களின் பட்டியலை இந்த ஷிஃப்டின் நடுவிலேயே டூல்ரூமுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது கண்டிப்பான நடைமுறை.

அம்பத்தூர்_பொறியாளர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பதிவேட்டைப் பிரித்துப் பார்த்ததில், ஏற்றப்பட்டு இயந்திரத்துக்காகக் காத்திருந்த நேரம் சிறிதளவே. பெரும்பகுதி, வேலை முடிந்த பேலட் இறக்கப்படக் காத்திருப்பதும், காலிப் பேலட் வார்ப்புக்குக் காத்திருப்பதும்தான். ஏற்றும் நிலையத்தில் நின்று பார்த்தபோது ஏற்றுபவர் மூன்று காரணங்களுக்காக இடத்தை விட்டு நகர்வது தெரிந்தது. ஒன்று, டிராலியில் இரண்டு மூன்று வகை வார்ப்புகள் கலந்து வருவதால் தேவையானதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, வார்ப்பில் மிஞ்சிய பிசிறு ஃபிக்ஸ்சரில் சரியாக உட்காரவிடுவதில்லை. ஏற்றுபவரே அதைக் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டு வருகிறார். மூன்றாவதுதான் எனக்கு வியப்பளித்தது: ஈஆர்பியில் (நிறுவனத்தின் இருப்பு, திட்டக் கணக்கு மென்பொருள்) இருப்பு காட்டும் வார்ப்பு, உண்மையில் உள்வரும் ஆய்வுக் கூண்டுக்குள் பூட்டியிருக்கிறது. திட்டம் அதை நம்பி வெளியாகிவிடுகிறது; ஏற்றுபவர் போய்க் கேட்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

ஸ்டோர்ஸ் பக்கத்தில் இதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டோர்ஸ்_மூத்தவர் எழுதியது:

பணி ஓய்வு பெறும் வரை கிண்டியிலும் பிறகு திருப்பெரும்புதூரிலும் ஸ்டோர்ஸையே பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். ஆனால் மருந்து ஒரே இடத்தில் தொடங்குகிறது. ஏற்றுபவர் தன் நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பந்தியில் அமர்ந்தவர் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்ச் சாதம் தேடுவதில்லை. பரிமாறுபவர்தான் இலையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இப்படிப் பரிமாறுபவரை 'மிசுசுமாஷி' என்பார்கள். குறித்த நேரத்துக்கு ஒரு முறை குறித்த வழியில் சுற்றி வந்து, காலியானதை எடுத்துக்கொண்டு, நிறைந்ததை வைத்துவிட்டுப் போவது அவருடைய வேலை. ஒரு சிறு இழுவை வண்டியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் உங்கள் இயந்திர நேரத்தோடும் அது பொருந்துகிறது.

என்ன எடுத்து வர வேண்டும் என்பதில் எல்லாப் பாகத்துக்கும் ஒரே விதி வைக்காதீர்கள். தினமும் ஓடும் பாகங்களுக்குக் கன்பன், அதாவது தீர்ந்த அளவுக்கு மட்டும் மீண்டும் வழங்கும் முறை, நன்றாக வேலை செய்யும். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ 1950களில் இயந்திரக் கூடத்தில்தான் அதைத் தொடங்கினார் என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டு, அசெம்பிளிக்கு மட்டுமே உரியது என்று நினைக்கிறார்கள். ஒரு பாகம் மணிக்கு எட்டு வீதம் தேவை; காலி டிராலி போய் நிறைந்து திரும்ப ஒன்றரை மணி நேரம்; கால் பங்கு பாதுகாப்பு இருப்பு. எட்டை ஒன்றரையால் பெருக்கினால் 12, கால் பங்கு சேர்த்தால் 15. டிராலியில் 12 பிடிக்கும் என்றால் இரண்டு டிராலி. ஒன்று பயன்பாட்டில், ஒன்று காத்திருப்பில். காலி டிராலி திரும்பி வருவதே அடுத்த வழங்கலுக்கான ஆணை, தனிச் சீட்டுகூட வேண்டாம். ஆனால் இதையே 17 பாகத்துக்கும் செய்தால் 34 டிராலி நிறுத்த அம்பத்தூரில் உங்களுக்கு இடம் ஏது? வாரத்தில் ஒரு முறையோ அதைவிட அரிதாகவோ வரும் பாகங்களுக்கு, திட்டத்தின் வரிசைப்படி, ஒரு பேலட்டுக்கு ஒரு தட்டு என்று ஸ்டோர்ஸிலேயே எண்ணி அடுக்கி அனுப்புங்கள். வேலைத்தாளும் அதே தட்டில் வரட்டும். டிராலியில் வகைகள் கலப்பது இதோடு நின்றுவிடும்.

பிசிறு தேய்க்கும் வேலை ஏற்றும் நிலையத்தில் நடக்கவே கூடாது. அங்கே ஒரு நிமிடம் போனால் அமைப்பு முழுவதற்கும் ஒரு நிமிடம் போகிறது. ஸ்டோர்ஸின் ஓரத்தில் அதே வேலையைச் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. ஃபிக்ஸ்சரின் தாங்கு புள்ளிகளைப் போலவே ஒரு சிறு சோதனைச் சட்டம் செய்து, அதில் உட்காரும் வார்ப்பு மட்டுமே தட்டில் ஏற வேண்டும் என்று விதியுங்கள்.

ஆய்வுக் கூண்டு விஷயம்தான் இருப்பதிலேயே கடினம். உங்கள் வார்ப்புகள் கோவையிலிருந்து வருவதாக இருந்தால், லாரி இரவெல்லாம் ஓடி விடியலில் வந்து சேரும். சற்றுத் தாமதித்தால் சென்னைக்குள் கனரக வாகனங்களுக்கு உள்ள காலை நேரக் கட்டுப்பாட்டில் சிக்கி மதியம்தான் இறங்கும். இறங்கியவுடன் யாரோ ஒருவர் ஈஆர்பியில் வரவு வைத்துவிடுகிறார், ஆய்வாளரோ மறுநாள்தான் பார்க்கிறார். 'வந்தது' என்பதையும் 'ஓட்டலாம்' என்பதையும் கணினியில் இரண்டு தனி நிலைகளாக வையுங்கள். திட்டம் இரண்டாவதை மட்டுமே இருப்பாக எண்ணட்டும். அதோடு, ஆய்வாளரின் வரிசை லாரி வந்த வரிசையாக இல்லாமல், நாளை எது ஓடப்போகிறது என்ற வரிசையாக இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு மட்டும் இருப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேட்டைக்குள் தண்ணீர் நின்றதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழ்த்தட்டில் வார்ப்பிரும்பு வைக்காதீர்கள். நனையாவிட்டாலும் அந்த ஈரக் காற்றிலேயே இயந்திரமிட்ட பரப்பு துருப்பிடிக்கும்.

தானியங்கி_வாகனம் எழுதியது:

ஏஜிவி அமைப்புகளை நிறுவும் தொழிலில் இருப்பதால் என் கருத்தில் சாய்வு இருக்கலாம். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். மேலே சொன்ன கணக்குகளை நான் மறுக்கவில்லை. நான்கு இயந்திரம் கொண்ட ஒரே அமைப்புக்காக மட்டும் என்றால் நானே 'இப்போது வேண்டாம்' என்றுதான் சொல்வேன். ஆனால் ஏஜிவியை வேகத்துக்காக வாங்குவது என்பதே தவறான தொடக்கம். அது மனிதர் நடப்பதைவிட விரைவாகப் போவதில்லை. வழியில் யாராவது குறுக்கே வந்தால் லேசர் ஸ்கேனர் அதை நிறுத்திவிடும். அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. மூன்று ஷிஃப்டிலும் ஒரே ஒழுங்கோடு சுற்றும். ஒவ்வொரு வழங்கலும் தானாகவே பதிவாகும். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அதிக எடையை இழுக்க வேண்டியிருந்தால் விபத்து குறையும். அருகில் இரண்டாவது, மூன்றாவது அமைப்பு வரப்போகிறது என்றால் அப்போது கணக்கு மாறும்.

அப்படி ஒரு நாள் வாங்கினால் இரண்டைக் கவனியுங்கள். உங்களைப் போன்ற கூடங்களில் தரையில் உலோகச் சீவலும் கூலன்ட்டும் சிந்தாமல் இராது. தரையில் ஒட்டும் காந்தப் பட்டை ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தின் கீழ் விரைவில் பிய்ந்துவிடும். ஆகவே தரையை நம்பாத வழிகாட்டல் முறையைக் கேளுங்கள். இரண்டாவது, ஒரே விற்பனையாளரிடம் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, ஜெர்மன் வாகனத் தொழில் சங்கமும் இயந்திரத் தொழில் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய விடிஏ 5050 என்ற பொதுத் தொடர்பு விதியை வண்டி ஏற்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு நிறுவனத்தின் வண்டிகளை ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளின் கீழ் ஓட்ட அது வழி செய்கிறது.

கிரேனையும் ஒரு முறை சரிபாருங்கள். ஒரு பேலட்டுக்கு நிலையத்திலிருந்து அடுக்கு, அடுக்கிலிருந்து இயந்திரம், மீண்டும் அடுக்கு, மீண்டும் நிலையம் என்று நான்கு நகர்வுகள். மணிக்கு ஆறு பேலட் என்றால் 24 நகர்வுகள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 36 நிமிடம். போதுமான இடைவெளி இருக்கிறது. இன்னும் இரண்டு இயந்திரம் சேர்த்தால் 54 நிமிடமாகிவிடும். அப்போது அதுவே தடையாகும்.

அம்பத்தூர்_பொறியாளர் எழுதியது:

மிகவும் தெளிவாகிவிட்டது. ஏஜிவியை இப்போதைக்குத் தள்ளிவைத்து, ஒரு இழுவை வண்டி, தட்டு முறை, ஆய்வு நிலைப் பிரிப்பு ஆகியவற்றைப் பரிந்துரைத்து அறிக்கை எழுதுகிறேன். ஒரே ஒரு துணைக் கேள்வி. மூன்றாம் ஷிஃப்டை ஆளில்லாமல் ஓட்ட வேண்டும் என்ற ஆசையும் நிர்வாகத்துக்கு இருக்கிறது. பகலில் எல்லாப் பேலட்டையும் ஏற்றி வைத்துவிட்டால் இரவு எட்டு மணி நேரத்துக்குத் தாங்குமா?

திருமுடிவாக்கம்_டூல்ரூம் எழுதியது:

தாங்காது. 24 பேலட், தலா 40 நிமிடம், நான்கு இயந்திரம்: நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓடக்கூடிய ஃபிக்ஸ்சர் 14தான் என்றால் இரண்டு மணி 20 நிமிடம். எனவே இரவுக்கென்று நீண்ட இயந்திர நேரம் கொண்ட பாகங்களை ஒதுக்கிவையுங்கள். குறுகிய நேரப் பாகங்கள் எல்லாம் பகலில் முடியட்டும். 1960களில் இங்கிலாந்தின் மோலின்ஸ் நிறுவனத்தில் தியோ வில்லியம்சன் வடிவமைத்த 'சிஸ்டம் 24' இந்த வகை அமைப்புகளுக்கு முன்னோடி. பகலில் ஆட்கள் பேலட்டுகளை ஏற்றித் தயார்செய்வது, இரவில் இயந்திரம் தனியே அவற்றை முடிப்பது என்பதே அதன் எண்ணம். அந்த எண்ணத்தில் ஏற்றும் நிலையத்தின் பகல் நேரத் திறனும் அடங்கியிருக்கிறது. பகலில் இயந்திரத்துக்கு ஈடுகொடுத்துக்கொண்டே இரவுக்கான இருப்பையும் சேர்க்க வேண்டும் என்றால் மணிக்கு ஆறுக்கு மேல் ஏற்ற வேண்டும். உங்கள் இரண்டு நிலையங்களின் உச்சம் ஆறேமுக்காலுக்கும் சற்றுக் குறைவு. ஆகையால் முதலில் பகலைச் சரிசெய்து, ஏற்றுபவர் நகராமல் நிற்கிறார் என்று உறுதியான பிறகே இரவைப் பற்றி வாக்குக் கொடுங்கள்.

டூல் ஆயுளையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு டூலின் வெட்டு ஆயுள் 90 நிமிடம், ஒரு பேலட்டுக்கு அது ஆறு நிமிடம் வெட்டுகிறது என்றால் 15 பேலட்டோடு முடிந்துவிடும். 16ஆவது பேலட் வரும்போது பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. மாலை ஷிஃப்ட் முடிவதற்கு முன் ஒவ்வொரு மேகசினிலும் மீதி ஆயுளை இரவுத் திட்டத்தோடு ஒப்பிட்டு, குறைவானதற்குப் பக்கத்திலேயே மாற்று டூல் ஒன்றை ஏற்றிவிடுங்கள். துளைக்கருவி முறிந்தால் அந்தப் பேலட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கும்படி கன்ட்ரோலரில் ஒரு தேர்வு இருக்கும். அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பல கூடங்களில் நிறுவிய நாளிலிருந்து அது அணைந்தேதான் கிடக்கிறது.